மனுவுக்கு முன் போட வேண்டிய கணக்கு

திங்கட்கிழமை காலையில் எந்தக் கலெக்டர் ஆபீசுக்குப் போனாலும் கையில் மனுவோடு மக்கள் காத்திருப்பதைப் பார்க்கலாம். கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது. ஏரிக்கு வரும் கால்வாய் தூர்ந்துவிட்டது. ஷூ கம்பெனியில் பி.எஃப். பிடித்தார்கள், கட்டவில்லை. மனு கணினியில் ஏறுகிறது, ஓர் எண் கிடைக்கிறது, உரிய துறைக்குப் போகிறது. சில வாரம் கழித்து ‘நடவடிக்கையில் உள்ளது’ என்று பதில் வருகிறது. எத்தனையோ நல்ல சங்கங்களின் உழைப்பு இந்த ஒரு வரியோடு நின்றுபோகிறது.

கோரிக்கையில் குறை இருந்திருக்காது. ஆனால் மனு போன மேசைக்கு அதைத் தீர்க்கும் அதிகாரம் உண்டா? இருந்தால், அந்த அதிகாரி யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்? கோரிக்கை நிறைவேறினால் யாருக்கு நஷ்டம்? நஷ்டப்படுகிறவர் அன்று மாலையே யாரைப் போய்ப் பார்ப்பார்? மனு எழுத உட்காரும் முன் இதையெல்லாம் பேசித் தெரிந்துகொண்டு எழுதிவைப்பதற்குப் பெயர்தான் அரசியல் சூழலை ஆராய்வது. கட்சிக் கொடி இதில் ஒரு பகுதி மட்டும். சட்டம், பணம், சாதி, வேலைவாய்ப்பு, ஏற்றுமதி, நீதிமன்றம், அதிகாரிகளின் இடமாற்றம் எல்லாம் இதற்குள் வரும். லண்டனில் உள்ள ஓவர்சீஸ் டெவலப்மென்ட் இன்ஸ்டிடியூட் போன்ற ஆய்வு நிறுவனங்கள் மக்கள் அமைப்புகளுக்காக இதுபற்றித் தனிக் கையேடுகளே போட்டிருக்கின்றன. ராணிப்பேட்டை மாவட்டத்துத் திமிரியில் இருக்கும் ஒரு சங்கத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்த ஒரு பெரிய பாடம் பக்கத்திலேயே, பாலாற்றங்கரையில் கிடக்கிறது.

வழக்கு நடந்த விதம்

திமிரி, ஆற்காட்டில் இருந்து ஆரணி போகும் சாலையில் இருக்கிறது. வடக்கே பாலாறு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் தொழில் ஊர்கள் அந்தப் பாலாற்றுப் பகுதியில் வரிசையாக இருக்கின்றன. பச்சைத் தோலை உப்பு போட்டுப் பாதுகாத்து, ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு மயிர் நீக்கி, பதனிட்டுச் சாயமேற்றுவது வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் தண்ணீர் வேண்டும். ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், குரோம் பதனிடுதலில் சுமார் 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுகின்றன என்றும் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பிலேயே பதிவு செய்திருக்கிறது. உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் ஆற்றிலும் வாய்க்காலிலும் வயலிலும் இறங்கியது. கிணறுகள் கெட்டன.

1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் நேராக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போட்டது. ஐந்து ஆண்டு விசாரணைக்குப் பிறகு, 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவைத் தர வேண்டும் என்ற கொள்கையும், கேடு வரும் என்று அஞ்ச இடம் இருந்தால் முழு நிரூபணத்துக்குக் காத்திராமல் தடுக்க வேண்டும் என்ற கொள்கையும் இந்தியச் சட்டத்தின் பகுதிகள் என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. தன் தொழிலால் தீங்கில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பைத் தொழில் நடத்துபவர் தலையில் வைத்தது. ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையமோ சொந்தச் சுத்திகரிப்பு நிலையமோ 1996 நவம்பர் 30-க்குள் அமைக்க வேண்டும் என்றது. பாதிக்கப்பட்டவர்களைக் கண்டறிந்து இழப்பீடு கணக்கிட ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னது. சுற்றுச்சூழல் வழக்குகளுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி அமர்வும் கேட்டது. இன்று இந்தியாவில் சட்டம் படிக்கும் மாணவர் யாரும் ‘வேலூர்’ வழக்கைப் படிக்காமல் தேற முடியாது.

நீதிபதி பி. பாஸ்கரன் தலைமையிலான ஆணையம் 2001 மார்ச்சில் தன் முடிவைச் சொன்னது. பழைய வேலூர் மாவட்டத்தில் 29,193 பேர் பாதிக்கப்பட்டவர்கள், இழப்பீடு சுமார் 26.82 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் சராசரியாக ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட வரவில்லை. 2009-ல் அடுத்த காலகட்டத்துக்கு மற்றொரு உத்தரவு வந்தது. பணம் முழுதாகப் போய்ச் சேரவில்லை. வழக்கு மறுபடியும் உச்ச நீதிமன்றம் போனது. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, மீதித் தொகையை ஆறு வாரத்துக்குள் அரசு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று ஆணையிட்டது. முதல் மனுவுக்கும் இந்த ஆணைக்கும் இடையே 34 ஆண்டுகள். 1991-ல் கைக்குழந்தையோடு நின்ற விவசாயக் குடும்பத்தில் அந்தக் குழந்தைக்கே இப்போது பிள்ளைகள் இருப்பார்கள்.

இவ்வளவு பெரிய வெற்றிக்கு ஏன் இவ்வளவு தாமதம்? அதை நேர்மையாகக் கேட்டால்தான் அடுத்த போராட்டத்துக்கு உதவும் பதில் கிடைக்கும்.

கெடுதல் எங்கே தொடங்கியது

ஒரு பிரச்சினையின் அரசியலைப் படிக்க முதலில் கேட்க வேண்டியது, இது எந்த முடிவால் வந்தது என்பது. ஆம்பூர்ப் பக்கம் நூறாண்டுக்கு முன்பே தோல் பதனிட்டார்கள். ஆவாரம்பட்டை, கடுக்காய், வாட்டில் பட்டை கொண்டு பதனிட்டு, அரைகுறையாக முடித்த தோலை வெளிநாட்டுக்கு ஏற்றினார்கள். அதிலும் கழிவு உண்டு. ஆனால் நாம் இன்று அஞ்சும் குரோமியம் பெரிய அளவில் வந்தது பிறகுதான். 1970-களில் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, பச்சைத் தோலையும் அரைகுறைத் தோலையும் ஏற்றுமதி செய்வதை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. முழுதாக முடித்த தோலையும் செருப்பு, ஷூ போன்ற பொருள்களையும் ஏற்றுமதி செய்ய ஊக்கம் கொடுத்தது. நோக்கம் நல்லதுதான்: மதிப்புக் கூட்டும் வேலை இங்கேயே நடக்க வேண்டும், வெளிநாட்டுப் பணம் வர வேண்டும். ஆனால் முடித்த தோல் என்றால் குரோம், சாயம், கூடுதல் தண்ணீர். அந்தக் கழிவை எங்கே விடுவது என்று கொள்கை எழுதியவர்கள் எழுதவில்லை. தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-ல் வந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-ல்தான் உருவானது.

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன்? எதிரி அடுத்த தெருவில் இருக்கும் டேனரி முதலாளி மட்டும் என்று நினைத்தால் கூட்டமும் கோஷமும் அந்த வாசலோடு முடியும். முடிவு டெல்லி வர்த்தக அமைச்சகத்திலும் பிறந்தது என்று தெரிந்தால், கழிவைச் சுத்திகரிக்கும் செலவில் மத்திய அரசுக்கும் பங்கு உண்டு என்று கேட்கலாம். வழக்கு நடந்த காலத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மத்திய மானியம் பேசப்பட்டது, மாநிலமும் இணையாகத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்தக் கதவு திறந்ததும் தனியாகப் பணம் போட முடியாத சிறிய ஆலைகளுக்கு ஒரு வழி கிடைத்தது. எதிர்த்தரப்பில் எல்லோரும் ஒரே நிலையில் இருப்பதில்லை. சொந்தச் சுத்திகரிப்பு நிலையம் கட்டும் வசதியுள்ள பெரிய ஏற்றுமதியாளரும், வாடகை இடத்தில் கூலிக்குத் தோல் பதனிடும் சிறியவரும் ஒரே சங்கத்தில் இருந்தாலும், அவர்கள் பயம் வேறு வேறு.

வெளிநாட்டு வாங்குபவர்களும் இந்தப் படத்தில் இருக்கிறார்கள். 1989 முடிவில் ஜெர்மனி, தோலைப் பூஞ்சையிலிருந்து காக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனாலையும், பிறகு சில அசோ சாயங்களையும் தடை செய்தது. நம் தொழில் சில ஆண்டுகளில் மாற்று வேதிப்பொருளுக்கு மாறிக்கொண்டது. உள்ளூர் விவசாயி பத்தாண்டு கத்தியும் நகராதது, வாங்குபவர் ஒரு கடிதம் போட்டதும் நகர்ந்தது. ஜெர்மனி காத்தது தன் நாட்டுக்காரர் உடம்பை; பாலாற்றுக் கிணறு அவர்கள் கணக்கில் இல்லை. ஆனாலும் எங்கே அழுத்தினால் எது அசையும் என்பதை இந்த நிகழ்வு தெளிவாகக் காட்டியது.

எந்தக் கதவு, எந்த நேரம்

1991-ல் உள்ளூர் அலுவலகங்களைத் தாண்டி நேராக டெல்லிக்குப் போனது சரியான தேர்வுதானா? அந்தக் காலத்தைப் பார்த்தால் சரிதான் என்று சொல்வேன். ஆற்றங்கரையில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அதிகம் மாசுபடுத்தும் தொழில்கள் கூடாது என்று தமிழக அரசே 1989-ல் அரசாணை போட்டிருந்தது. ஆணை இருந்தது, அமல் இல்லை. ஒரு பக்கம் தொழில் முதலீடு கேட்கும் துறை, மறு பக்கம் மாசு பார்க்கும் வாரியம். இரண்டும் ஒரே அரசு. மாநிலத் தோல் ஏற்றுமதிதான் நாட்டின் முடித்த தோல் ஏற்றுமதியில் 80 சதவீதம் என்று தீர்ப்பே சொல்கிறது. இந்த எடைக்கு எதிரே ஒரு மாவட்டப் பொறியாளர் தனியாக நிற்பார் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

உச்ச நீதிமன்றத்தில் காற்று வேறு திசையில் வீசியது. போபால் விபத்து 1984-ல் நடந்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-ல் வந்தது. 1987-ல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா போட்ட கங்கை வழக்கில், கான்பூர் ஜாஜ்மவ் தோல் ஆலைகள் முதல்கட்டச் சுத்திகரிப்புகூட அமைக்காவிட்டால் மூட வேண்டியதுதான் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. குறைந்தபட்சக் கூலி கொடுக்க முடியாத தொழில் நடக்க உரிமை இல்லை என்பதுபோல, கழிவைச் சுத்திகரிக்க முடியாத ஆலைக்கும் உரிமை இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் வாதம். வேலூர் வழக்கில் வாதாடியவரும் மேத்தாதான். வழக்கு நடக்கும்போதே, 1992-ல், ரியோ டி ஜெனிரோவில் சுற்றுச்சூழல் பற்றிப் பேச உலக நாடுகள் கூடின. அங்கே பேசிய கொள்கைகள் தீர்ப்பில் இடம்பெற்றன. நீதிபதி குல்தீப் சிங் 1996 முடிவில் ஓய்வுபெற்றார். தீர்ப்பு அதற்கு நான்கு மாதம் முன் வந்தது. அதற்குள் சென்னையில் ஆட்சி மாறிவிட்டது, டெல்லியில் பிரதமர்கள் மாறிவிட்டார்கள். நீதிமன்ற வழிக்கு அந்த ஒரு பலம் உண்டு: தேர்தலோடு கோப்பு மூடுவதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீதிபதிகள் சொற்பொழிவைக் கேட்டு அசையவில்லை, எண்ணிக்கையைக் கேட்டு அசைந்தார்கள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம், தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிரிட முடியாமல் போனது என்று சொல்லியிருந்தது. திண்டுக்கல்லில் ‘பீஸ் மெம்பர்ஸ்’ என்ற தன்னார்வ அமைப்பு 13 கிராமங்களில் 467 கிணறுகளைக் கணக்கெடுத்து, 350 கெட்டுப்போனதைக் காட்டியிருந்தது. அந்த எண்கள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் அச்சாகியிருக்கின்றன. கிணறு கிணறாக நடந்து, உரியவர் பெயர், ஆழம், எந்த ஆண்டு முதல் உப்பு, குடிக்கவா பாசனத்துக்கா என்று நோட்டில் எழுத வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. திமிரி ஒன்றியத்தில் ஒரு கல்லூரி மாணவர் குழுவோ மகளிர் குழுவோ செய்யக்கூடிய வேலைதான் அது. பல்கலைக்கழக அறிக்கை ஒன்று, மக்கள் எடுத்த கணக்கு ஒன்று, இரண்டும் ஒரே திசையைக் காட்டினால் அதை ஒதுக்கித் தள்ளுவது எந்த அதிகாரிக்கும் கடினம்.

தீர்ப்புக்கு மறுநாள்

இனி கசப்பான பகுதி. தீர்ப்பு வந்ததும் அதிகாரம் கை மாறியது. அதுவரை முடிவு டெல்லியில் ஒரு அமர்வின் கையில் இருந்தது. அதன் பிறகு அது நான்கைந்து இடமாகச் சிதறியது. பாதிக்கப்பட்டவர் யார் என்று சொல்வது ஆணையம். நிலம் யார் பெயரில் என்று சொல்வது வி.ஏ.ஓ.வும் தாசில்தாரும். ஆலைகளிடம் வசூலிப்பது கலெக்டர். நில வரிப் பாக்கியைப் போல வசூலிக்கலாம் என்றே 1996 தீர்ப்பு அதிகாரம் கொடுத்தது. கழிவைக் கண்காணிப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தகராறு வந்தால் சென்னை உயர் நீதிமன்றம். டெல்லியில் சரியாக இருந்த வரைபடம் வேலூரில் பொருந்தவில்லை. புது வரைபடம் போட்டே ஆக வேண்டிய நேரம் அது.

கலெக்டர்கள் ஓரிரு ஆண்டில் மாறிவிடுவார்கள். ஒவ்வொரு புதியவருக்கும் இது முந்தையவரின் கோப்பு. ஆலைகள் சார்பில் சங்கம் உண்டு, நிரந்தர அலுவலகம் உண்டு, வழக்கறிஞர் உண்டு. 29 ஆயிரம் பேர் பல தாலுகாக்களில் பரவிக் கிடந்தார்கள். ஒருவருக்கு வரவேண்டியது சில ஆயிரம் ரூபாய். அதற்காக வேலையை விட்டுவிட்டு வேலூருக்கு எத்தனை முறை போவார்? எதிரே இருந்தவர்களுக்கோ கோடிக்கணக்கில் கொடுக்க வேண்டிய பயம். சிலருக்குப் பெரிய நஷ்டமும் பலருக்குச் சிறிய லாபமும் இருக்கும் இடத்தில், அந்தச் சிலர்தான் விடாமல் உழைப்பார்கள். அரசியல் ஆராய்ச்சியில் இதைவிட முக்கியமான விதி எனக்குத் தெரியாது. இந்த விதியை முன்பே உணர்ந்திருந்தால், தீர்ப்பு வந்த அன்றே ஒவ்வொரு தாலுகாவிலும் இழப்பீட்டுக் குழு ஒன்று அமைந்திருக்க வேண்டும், பயனாளிகள் பட்டியல் ஊர் வாரியாக அதன் கையில் இருந்திருக்க வேண்டும்.

இன்னொரு தடை வேதியியலில் இருந்து வந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. அவை சாக்கடை நாற்றத்தையும் அங்ககக் கழிவையும் குறைக்கும். பச்சைத் தோலில் இருந்து வரும் உப்பு அப்படியே தாண்டிப் போய்விடும். கரைந்த உப்பின் அளவு ஒரு லிட்டரில் 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதை எட்ட சவ்வூடு வடிகட்டியும் ஆவியாக்கியும் வேண்டும். மின்சாரமும் பணமும் பல மடங்கு. ‘நிலையம் கட்டியாயிற்று’ என்ற வாக்கியம் அரசியலில் வெற்றியாக எண்ணப்பட்டது. கிணற்றுக்காரர் வாயில் உப்பு அப்படியே இருந்தது. எனவே மக்கள் அமைப்பு கேட்கும்போது ‘நிலையம் வேண்டும்’ என்று கேட்பதை விட ‘என் கிணற்றில் உப்பு இந்த அளவுக்குக் கீழே வர வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதித்துப் பலகையில் எழுத வேண்டும்’ என்று கேட்பது நல்லது. கட்டிடத்தைக் கேட்டால் கட்டிடத்தைத்தான் கொடுப்பார்கள்.

2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிட்கோவில், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் கசடில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்தில் இருந்து வந்தவர்கள். மாசைத் தடுக்கக் கட்டிய ஏற்பாட்டிலேயே பத்து உயிர் போனது. இருபது ஆண்டு வழக்கில் விவசாயி இருந்தார், ஆலை இருந்தது, வாரியம் இருந்தது. அங்கே தங்கி வேலை செய்த வெளிமாநிலத் தொழிலாளி யார் பட்டியலிலும் இல்லை. ஓர் அமைப்பு வரைபடம் போடும்போது, இந்தக் கூட்டத்துக்கு வராதவர் யார் என்று கேட்டு அந்தப் பெயரையும் எழுத வேண்டியது இதனால்தான்.

கூட்டணியும் பிளவும்

பாலாற்றுப் பகுதியில் தோல் ஆலை நடத்துபவர்களில் முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் அதிகம். ஆலைக்குள் ஈரத்தில் நின்று வேலை செய்பவர்களில் தலித் மக்கள் அதிகம். ஷூ கம்பெனிகளில் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தைக்கிறார்கள். கிணறு கெட்டது பெரும்பாலும் நிலம் வைத்திருந்த விவசாயிகளுக்கு. இந்த அமைப்பைத் தெரிந்துகொள்ளாமல் பேசத் தொடங்கினால், தண்ணீர்ப் பிரச்சினை ஒரே வாரத்தில் மதப் பிரச்சினையாகவோ சாதிப் பிரச்சினையாகவோ திருப்பிவிடப்படும். திருப்பிவிட ஆள்கள் காத்திருக்கிறார்கள். அப்படித் திரும்பினால் தண்ணீர் பேச்சிலிருந்து காணாமல் போகும். அதனால் பேசத் தொடங்கும் நாளிலேயே டேனரித் தொழிலாளியும் மேடையில் இருக்க வேண்டும். குரோம் டிரம்முக்குப் பக்கத்தில் கையுறை இல்லாமல் நிற்பவர் உடம்பும், குரோம் கலந்த கிணறும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள்.

திருப்பூர்ச் சாயப்பட்டறை வழக்கு இதில் ஓர் எச்சரிக்கை. நொய்யல் ஆற்றுப் பாசன விவசாயிகள் தொடர்ந்து போராடியதால் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதுவரை விவசாயி பக்கம் இருந்த பேச்சு, வேலை போன தொழிலாளி பக்கம் சாய்ந்தது. அந்த ஆண்டே புதிய அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. மூடச் சொல்லும் ஆணை வெளிவரும் நாளில் அரசியல் எப்படித் திரும்பும் என்று விவசாயிகள் சங்கமே முன்கூட்டி யோசித்து, தொழிலாளருக்கு இடைக்காலக் கூலி என்ற கோரிக்கையையும் தன் மனுவில் சேர்த்தால் என்ன? அந்த ஒரு வரி பல கதவைத் திறக்கும் என்று நான் நம்புகிறேன்.

கட்சிகள் எதைப் பேசத் தயார், எதைப் பேசத் தயங்குகின்றன என்பதையும் கேட்க வேண்டும். பாலாறு என்றால் எல்லா மேடையிலும் ஆந்திராவின் தடுப்பணை பற்றிப் பேச்சு வரும். அது உண்மையான பிரச்சினை. 1892 ஒப்பந்தத்தை வைத்துத் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் போட்டிருக்கிறது. ஆனால் ஆந்திரா பற்றிப் பேசுவதால் உள்ளூரில் ஓட்டு குறையாது, தேர்தல் நன்கொடையும் குறையாது. கழிவுநீர் பற்றிப் பேசினால் குறையக்கூடும். வேட்பாளர் கூட்டத்தில் எழுந்து, ‘ஆற்றில் வரும் தண்ணீரைப் பற்றிச் சொன்னீர்கள், ஆற்றில் விடும் தண்ணீரைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?’ என்று கேட்டுப் பதிலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வென்ற பிறகு அந்தப் பதிவு உதவும்.

அரசு எதைக் கணக்கில் முதலில் பார்க்கிறது என்பதும் வெளிப்படை. 2022-ல் வந்த தமிழ்நாடு காலணி மற்றும் தோல் பொருள் கொள்கை 20,000 கோடி ரூபாய் முதலீடு, 2 லட்சம் வேலை என்று இலக்கு வைத்தது. வேலை என்ற சொல்லுக்கு எதிராகப் பேசும் எந்த மனுவும் இந்தச் சூழலில் தோற்கும். ‘இந்த வேலை இருபது ஆண்டு நிலைக்க வேண்டுமானால் நிலத்தடி நீர் இருக்க வேண்டும்’ என்று எழுதும் மனுவைத் தொழில் துறையும் படிக்கும்.

திமிரியில் தொடங்கினால்

திமிரி பேரூராட்சி. அதனால் ஊருக்குள் கிராம சபை கிடையாது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு என்று வந்த வார்டு குழுவும் பகுதி சபையும்தான். சுற்றியுள்ள திமிரி ஒன்றிய ஊராட்சிகளிலோ ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். நீர் பற்றிய தீர்மானத்துக்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. ஒரே வாசகத்தில் பத்து ஊராட்சிகள் ஒரே நாளில் தீர்மானம் போட்டால் அது பி.டி.ஓ. மேசையில் பத்துக் காகிதமாக வந்து விழும். விவசாயிகள் குறைதீர்வுக் கூட்டம் மாதம் ஒருமுறை கலெக்டர் முன்னால் நடக்கிறது. அங்கே எல்லாத் துறை அதிகாரிகளும் ஒரே அறையில் இருப்பதால், ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவது கடினம். எந்தக் கேள்வியை எந்தக் கூட்டத்தில் கேட்பது என்று பிரித்துவைப்பதே பாதி வேலை.

மாவட்டப் பிரிப்பை மறக்க வேண்டாம். 1996 தீர்ப்பில் இந்தப் பகுதி வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். ஆணையத்தின் காலத்தில் வேலூர். 2019 முதல் திமிரியும் ராணிப்பேட்டையும் ராணிப்பேட்டை மாவட்டத்தில், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில். பழைய கோப்பு ஒரு கட்டிடத்தில், அதற்குப் பொறுப்பான அதிகாரி இன்னொரு ஊரில் என்று ஆகியிருக்கக்கூடும். மனுவில் மூன்று மாவட்டத்தின் பெயரையும் பழைய உத்தரவின் தேதியையும் எழுதி, மூன்று கலெக்டருக்கும் நகல் அனுப்பினால், ‘எங்கள் எல்லைக்குள் வராது’ என்ற பதிலுக்கு இடமிருக்காது.

சங்கக் கூட்டத்தில் ஒரு பெரிய தாளை விரித்து, நடுவில் கோரிக்கையை ஒரே வரியில் எழுதுங்கள். கையெழுத்துப் போட்டால் அது நிறைவேறும் என்றிருக்கும் பதவியை அதற்கு மேலே எழுதுங்கள். ஆளின் பெயர் வேண்டாம், பதவி போதும், ஆள் மாறிவிடுவார். அந்தப் பதவிக்கு மேலே யார், அவருக்கு என்ன காலக்கெடு, எந்தச் சட்டப் பிரிவு அவரைக் கட்டுப்படுத்துகிறது என்பதை எழுதுங்கள். ஒரு பக்கம் நஷ்டப்படுகிறவர்கள், அவர்களுக்குள் யார் பேசத் தயார். மறு பக்கம் லாபமடைகிறவர்கள், அவர்களில் யார் இன்னும் கூட்டத்துக்கு வரவில்லை. கீழே தேதிகள்: தேர்தல், பட்ஜெட், வழக்கு வாய்தா, ஆலையின் இசைவாணை புதுப்பிக்கும் மாதம். இந்தத் தாளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்துங்கள். ஆணை ஒன்று கிடைத்தால், கிடைத்த வாரமே முழுதாகப் புதிய தாள்.

2025 தீர்ப்பை வைத்து உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. 2001, 2009 உத்தரவுகளின்படி உங்கள் வருவாய்க் கிராமத்தில் இழப்பீடு பெற வேண்டியவர்கள் எத்தனை பேர், எத்தனை பேருக்குக் கொடுக்கப்பட்டது, மீதம் எவ்வளவு, ஆலைகளிடம் வசூலித்தது எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். விண்ணப்பத்தில் பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, கலெக்டர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு விரைவுத் தபாலில் அனுப்பலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். ஒருவர் பெயரில் போடாமல் நான்கு கிராமத்தில் இருந்து நான்கு பேர் தனித்தனியாகப் போடுவது நல்லது. பதில்களை அருகருகே வைத்துப் பார்த்தால், எந்தத் தாலுகாவில் கோப்பு நகர்கிறது, எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.